அமெரிக்க மாப்பிள்ளையும் கவுண்டி நீதிமன்றப் பதிவேடுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வரன்களைப் பற்றி விசாரித்துச் சொல்லும் துப்பறியும் நிறுவனங்களைக் குறித்துத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க மாப்பிள்ளையின் பின்னணியை அறியப் பெண்ணைப் பெற்றவர்கள் படும் பாட்டைக் கட்டுரை சரியாகவே எடுத்துக்காட்டியிருந்தது. ஆனால், மாதிரியாகத் தரப்பட்டிருந்த அறிக்கையில் ‘மேற்படி நபர் மீது அமெரிக்காவில் வழக்கு எதுவும் இல்லை’ என்றிருந்த ஒரு வரியைப் பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஹூஸ்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளைத் தேடியெடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்வதானால், அந்த வரியை நேர்மையாக எழுத எவராலும் இயலாது. நாடு முழுவதற்குமான வழக்குப் பதிவேடு என்று பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக ஒன்று இங்கே இல்லை. இருப்பவை, நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டிதோறும் உள்ள பதிவேடுகள். எந்தெந்த கவுண்டிகளில், எந்தப் பெயரில், எந்த ஆண்டு வரை தேடினோம் என்று சொல்லாத அறிக்கை, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனை ஆண்டுகளுக்குப் போட்டது என்றே குறிப்பிடாத வில்லங்கச் சான்றிதழுக்குச் சமம்.

திருமணம், விவாகரத்து, உயில், வீட்டுப் பத்திரம், குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை ஆகிய எல்லாம் அமெரிக்காவில் மாநிலச் சட்டத்தின்கீழ் வருபவை. மாநில நீதிமன்றங்கள் பெரும்பாலும் கவுண்டி வாரியாக இயங்குகின்றன. நான் அறிந்தது டெக்சாஸ் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். இம்மாநிலத்தில் 254 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அடிமட்டத்தில் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றங்கள். 20,000 டாலர் வரையிலான பண வழக்குகள், வீட்டைக் காலி செய்விக்கும் வழக்குகள், அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க சிறு குற்றங்கள் ஆகியவை அங்கே முடிந்துவிடும். அடுத்து கவுண்டி நீதிமன்றம். அதன் தலைவரான கவுண்டி ஜட்ஜ் சட்டம் படித்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, கவுண்டி நிர்வாகத்துக்கும் அவரே தலைவர் என்பதால், பெரிய கவுண்டிகளில் அவர் வழக்கு விசாரிப்பது அரிது. அங்கெல்லாம் சட்டமன்றம் தனியாக உருவாக்கிய ‘கவுண்டி கோர்ட் அட் லா’ நீதிமன்றங்களே அந்த வேலையைச் செய்கின்றன. முதல் முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட வழக்கு போன்ற, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாத மிஸ்டிமீனர் வழக்குகள் இங்கே நடக்கும். அதற்கு மேல் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றங்கள். ஃபெலனி எனப்படும் கடுங்குற்றங்களும், பெரிய சிவில் வழக்குகளும், பெரும்பாலான விவாகரத்துகளும் அவற்றின் வரம்பில் வருகின்றன. சில கவுண்டிகளில் விவாகரத்தைக் கவுண்டி கோர்ட் அட் லா நீதிமன்றமும் விசாரிக்கும். இந்த நீதிபதிகள் எல்லாரும் கட்சி சார்பில் தேர்தலில் நின்று வென்று வருபவர்கள் என்பது நம்மூர் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

பதிவேடு தேடுபவருக்கு நீதிபதியைவிட முக்கியமானவர் கிளார்க். இவர் நம் நீதிமன்றங்களில் நாம் பார்க்கும் எழுத்தர் அல்லர். நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும், மாநில அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்ற பதவியாளர். டெக்சாஸில் மிகச் சிறிய கவுண்டிகளைத் தவிர மற்றவற்றில் இருவர் இருக்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் கிளார்க், டிஸ்ட்ரிக்ட் நீதிமன்ற வழக்குகளைக் காப்பவர். கவுண்டி கிளார்க், கவுண்டி நீதிமன்ற வழக்குகளோடு திருமண உரிமம், வீட்டுப் பத்திரம், அடமானம், உயில் நிரூபணம், தொழில் பெயர்ப் பதிவு ஆகியவற்றையும் காப்பவர். இதிலும் விதிவிலக்கு உண்டு. ஹூஸ்டன் நகரின் பெரும்பகுதியைக் கொண்ட ஹாரிஸ் கவுண்டியில் மிஸ்டிமீனர் குற்ற வழக்குகளின் கோப்புகளும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமே உள்ளன. ஒருவருக்கு முன்பே மணமாகியிருந்ததா என்பதைக் கவுண்டி கிளார்க்கிடமும், அந்த மணம் முறிந்ததா என்பதை டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் தேட வேண்டியிருக்கும்போது, ஒரே இணையதளத்தில் ஒரு பெயரைத் தட்டிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுப்பவரை என்னவென்று சொல்வது?

கவுண்டி எது என்பதையே தவறாகப் பிடிப்பதும் உண்டு. முகவரியில் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஹூஸ்டனுக்கு மேற்கே நம்மவர்கள் நிறையக் குடியிருக்கும் கேட்டி என்ற ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்ற மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. டாலஸுக்கு வடக்கே உள்ள ஃபிரிஸ்கோ, காலின் கவுண்டியிலும் டென்டன் கவுண்டியிலுமாகப் பிரிந்திருக்கிறது. திருமண உரிமமோ இன்னும் விநோதமானது. டெக்சாஸில் எந்தக் கவுண்டி கிளார்க்கிடமும் அதை வாங்கி, மாநிலத்தின் எந்த மூலையிலும் மணம் செய்துகொள்ளலாம். பியர்லண்ட் மீனாட்சி கோயில் பிரசோரியா கவுண்டியில் இருந்தாலும், அங்கே தாலி கட்டிய தம்பதி ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் உரிமம் வாங்கியிருந்தால், அந்தத் திருமணம் ஃபோர்ட் பெண்ட் பதிவேட்டில்தான் ஏறும். இதற்கொரு மாற்றுவழியாக, மாநிலச் சுகாதாரத் துறை 1966 முதல் திருமணங்களுக்கும் 1968 முதல் விவாகரத்துகளுக்கும் மாநில அளவிலான பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறது. கட்டணம் செலுத்தினால் அதிலிருந்து உறுதிப்படுத்தும் கடிதம் கிடைக்கும். தீர்ப்பின் நகல் வேண்டுமானால் மீண்டும் கவுண்டிக்கே வர வேண்டும்.

நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்க இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. இது தமிழ்நாட்டு நீதிமன்றப் பழக்கத்துக்கு நேர்மாறு. நம் நாட்டில் வழக்கில் தொடர்பில்லாத மூன்றாம் நபர் நகல் மனுப் போட்டால், எதற்காகக் கேட்கிறோம் என்பதை விளக்கியாக வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டி அந்த விதியைத் தாண்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் சொல்லிவிட்டது. டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டமும் நீதித்துறைக்குப் பொருந்தாது என்றாலும், இங்கே அச்சட்டம் தேவைப்படுவதில்லை. நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் மக்களுக்கு உள்ள, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச் சட்ட உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. டெக்சாஸ் சிவில் நடைமுறை விதி 76ஏ, நீதிமன்ற ஆவணம் திறந்தது என்றே தொடக்கத்தில் கருத வேண்டும் என்றும், மூடிவைக்கக் கேட்பவரே அதற்கான காரணத்தை நிறுவ வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. குடும்ப வழக்குகளுக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், நடைமுறையில் பெரும்பாலான விவாகரத்துக் கோப்புகளை யாரும் பார்க்க முடிகிறது. கட்டணம் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு டாலர் அளவில்தான். தேடுபவர் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டும் பல கவுண்டிகளின் பெயர்ப் பட்டியலைக் காசில்லாமல் பார்க்கலாம்.

எல்லாம் திரையில் தெரியும் என்று எண்ணிவிடவும் கூடாது. பல கவுண்டிகள் வழக்கு எண், தரப்பினர் பெயர், நடவடிக்கைப் பட்டியல் ஆகியவற்றை மட்டும் இணையத்தில் காட்டுகின்றன. குடும்ப வழக்கின் மனுவையும் தீர்ப்பையும் பார்க்க அலுவலகக் கவுண்டருக்குப் போக வேண்டும் அல்லது அஞ்சலில் நகல் கேட்க வேண்டும். ஹாரிஸ் போன்ற மிகப் பெரிய கவுண்டியில், விவாகரத்து மனு தாக்கலானவுடன் அது வெளியாருக்குக் கிடைக்காது. எதிர்த்தரப்புக்கு அழைப்பாணை முறைப்படி அளிக்கப்பட்ட பிறகோ, தாக்கலான 31-ஆம் நாளிலோ, எது முந்தியோ அதுவரை காத்திருக்க வேண்டும். தத்தெடுப்பு வழக்குகளும் சிறார் வழக்குகளும் மூடப்பட்டவை. பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு எண், சோஷியல் செக்யூரிட்டி எண் போன்றவற்றை மறைத்துத்தான் ஆவணம் தாக்கலாக வேண்டும்.

பெற்றோர்கள் பெரும்பாலும் சறுக்குவது பெயரில்தான். இங்குள்ள பட்டியல்கள் குடும்பப் பெயர் முதலிலும், சொந்தப் பெயர் அடுத்தும் வருமாறு அமைந்தவை. நமக்கோ குடும்பப் பெயர் என்பதே கிடையாது. தகப்பனார் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று, அச்சாகிவிடும். ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே ஏறி, பிறகு போலீஸ் ஆவணத்திலும் வழக்குப் பட்டியலிலும் அவர் ‘எஃப்.என்.யூ. செந்தில்குமார்’ ஆகிவிடுகிறார். அதே மனிதர் பின்னாளில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், அதற்குப் பிந்திய வழக்கில் ‘முருகேசன், செந்தில்குமார்’ என்று இருப்பார். செந்தில் குமார் என்று இடைவெளி விட்டு எழுதினால் குமார் மட்டும் குடும்பப் பெயராகிவிடும். ஆகவே பெயரைக் குறைந்தது மூன்று நான்கு வடிவங்களில் முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுத் தேட வேண்டும். கூடவே இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. ஒரே பெயரில் ஒரே கவுண்டியில் பலர் இருப்பார்கள். பிறந்த ஆண்டோ முகவரியோ ஒத்துப்போகாமல், பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு பையனுக்குக் களங்கம் கற்பிப்பது பெரும் பாவம்.

விவாகரத்து வழக்கு ஒன்று கண்ணில் பட்டால் அதை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ‘இன் தி மேட்டர் ஆஃப் தி மேரேஜ் ஆஃப்’ என்று தொடங்கும் தலைப்பு, அதனடியில் வழக்கு எண், நீதிமன்ற எண், இருதரப்பு வழக்கறிஞர்கள், பிறகு நாள்வாரியாக நடவடிக்கைகள் என்று அந்தப் பக்கம் இருக்கும். பலரும் தலைப்பைப் பார்த்ததுமே ‘மாப்பிள்ளை விவாகரத்தானவர்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கடைசி வரிகளை. ‘ஃபைனல் டிக்ரி ஆஃப் டைவர்ஸ்’ என்றிருந்தால்தான் மணம் முறிந்தது. ‘டிஸ்மிஸ்டு ஃபார் வான்ட் ஆஃப் ப்ராசிக்யூஷன்’ என்றோ ‘நான்சூட்’ என்றோ இருந்தால், மனுப் போட்டவர் வழக்கை நடத்தாமல் விட்டுவிட்டார் அல்லது திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று பொருள்; வேறு கவுண்டியிலோ பின்னரோ தீர்ப்பு வராதிருந்தால், அந்த ஆள் சட்டப்படி இன்னும் கணவர்தான். பெண் வீட்டாருக்கு விவாகரத்தைவிட இதுவே பெரிய செய்தி. மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையே 60 நாள் காத்திருப்பு இருந்தாக வேண்டும் என்பதும், தீர்ப்புக்குப் பின் 30 நாள் கழியும் வரை வேறொருவரை மணக்கக் கூடாது என்பதும் டெக்சாஸ் சட்டத்தின் பொதுவிதிகள். தேதிகளை ஒப்பிட்டாலே சில பொய்கள் தாமாக வெளிவந்துவிடும்.

தீர்ப்பின் நகலைப் பெறும்போது, அதன் தொடக்கத்தில் யார் யார் முன்னிலையானார்கள் என்று சொல்லும் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். எதிர்த்தரப்பு நேரில் வந்ததா, கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதா, அல்லது வராமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானதா என்பது அங்கே இருக்கும். இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இந்தியாவில் நடந்த இந்துத் திருமணத்தை அமெரிக்க கவுண்டி நீதிமன்றம் முறித்தது என்பதால் மட்டும் இந்தியாவில் அது முறிந்ததாகிவிடாது. 1975-இல் திருப்பதியில் மணந்துகொண்ட ஒருவர், 1980-இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டி சர்க்யூட் நீதிமன்றத்தில் விவாகரத்துத் தீர்ப்பு வாங்கி, 1981-இல் மறுமணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணப் புகார் கொடுத்தபோது, தீர்ப்பின் ஒளிநகலை வைத்தே மாஜிஸ்திரேட் அவரை விடுவித்துவிட்டார். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1991 ஜூலை 9 அன்று அந்த நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தம்பதியர் எந்தச் சட்டத்தின்கீழ் மணந்தார்களோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் அந்தச் சட்டம் ஏற்கும் காரணமும் இருந்தாலொழிய வெளிநாட்டு விவாகரத்து செல்லாது என்றும், மனைவி தானாக முன்வந்து அந்த வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு உட்பட்டு வழக்காடியது, மனமொப்பிச் சம்மதித்தது போன்றவை விதிவிலக்குகள் என்றும் வகுத்தது. 90 நாள் வசிப்பிட நிபந்தனையைப் பெயருக்கு நிறைவேற்ற மட்டுமே கணவர் மிசௌரியில் தங்கியதையும், நகல் இந்தியச் சாட்சியச் சட்டப்படி சான்றளிக்கப்படாததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. டெக்சாஸ் தீர்ப்புகள் பெரும்பாலும் ‘இன்சப்போர்ட்டபிலிட்டி’ என்ற, யார் மீதும் குற்றம் சுமத்தாமல் இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று மட்டும் சொல்லும் காரணத்தில் அமைபவை. இந்து திருமணச் சட்டத்தில் அப்படியொரு காரணம் இல்லை. ஆகவே, மாப்பிள்ளையின் முதல் திருமணம் இந்தியாவில் நடந்து, அந்தப் பெண் இந்தியாவிலேயே இருந்து வழக்கில் கலந்துகொள்ளாமலும் இருந்திருந்தால், அமெரிக்கத் தீர்ப்பு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் ஒரு நல்ல வழக்கறிஞரைக் கேட்காமல் நாள் குறிக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பை இந்தியாவில் காட்ட வேண்டியிருப்பின், கிளார்க் அலுவலகத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தில், ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை பெறுவதே இப்போதைய வழக்கம்.

குற்ற வழக்குகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கைதான அன்றே பெயர் பதிவேட்டில் ஏறிவிடும். வழக்கு தள்ளுபடியானாலும் அந்தப் பதிவு தானாக மறையாது. கணவன் மனைவி சண்டையில் அக்கம்பக்கத்தார் போலீஸை அழைத்து, ஓரிரவு சிறையில் இருந்து, பிறகு வழக்கே நிற்காமல் போனவர்களை நான் கோப்புகளில் நிறையப் பார்க்கிறேன். அவர்களையும் மனைவியின் கையை முறித்துவிட்டுத் தண்டனை பெற்றவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல; கடைசி வரியைப் படிக்க வேண்டும் என்பது இங்கும் பொருந்தும். ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’, அதாவது ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பு, என்றிருந்தால், நீதிபதி குற்றவாளி என்று தீர்மானிக்காமல் நன்னடத்தைக் காவலில் விட்டிருக்கிறார் என்று பொருள். மறுபுறம், தள்ளுபடியான வழக்கின் பதிவையே அழித்துவிடும் ஆணையும், சில வழக்குகளை வெளியார் பார்வையிலிருந்து மறைக்கும் ஆணையும் சட்டத்தில் உண்டு என்பதால், பட்டியல் வெறுமையாக இருப்பதும் நற்சான்றிதழ் ஆகாது. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை, தண்டனைகளையும் ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்புகளையும் மாநிலம் முழுவதற்கும் தேடித் தரும் வசதியைச் சிறு கட்டணத்தில் வைத்திருக்கிறது. கவுண்டித் தேடலோடு அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

உரிமம் எதுவும் வாங்காமலேயே, கணவன் மனைவியாக வாழ ஒப்புக்கொண்டு, அப்படியே சேர்ந்து வாழ்ந்து, ஊராரிடமும் அவ்வாறே சொல்லிக்கொள்பவர்களைச் சட்டப்படி மணமானவர்களாகவே டெக்சாஸ் ஏற்கிறது. இப்படிப்பட்ட திருமணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருக்கக்கூடும். ஊரில் மணமுடித்துவிட்டு வந்தவரின் திருமணமும் இங்கே பதிவாகியிருக்காது. அதற்குத் தமிழ்நாட்டுப் பதிவாளர் அலுவலகத்தையும், மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டிய, நம் நாட்டு வழக்குகளுக்கான இ-கோர்ட்ஸ் தளத்தையும்தான் நாட வேண்டும்.

டெக்சாஸில் கண்டதை எல்லா மாநிலங்களுக்கும் பொருத்திப் பார்ப்பதும் தவறாகிவிடும். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகளுக்கும் ஒவ்வொரு சுப்பீரியர் நீதிமன்றம்தான். எல்லா வழக்கும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆனால் குடும்ப வழக்கு, குற்ற வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்க முடியாது. நீதிமன்றக் கட்டடத்துக்கே போக வேண்டும். நியூயார்க்கில் விவாகரத்தை விசாரிப்பது சுப்ரீம் கோர்ட் என்று பெயர் கொண்ட, உண்மையில் கவுண்டி அளவிலான விசாரணை நீதிமன்றம். அங்கே விவாகரத்துக் கோப்பைத் தரப்பினரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் தவிர வேறெவரும் நீதிமன்ற ஆணையின்றி 100 ஆண்டுகளுக்குப் பார்க்க முடியாதபடி சட்டமே பூட்டிவைத்திருக்கிறது. ஆகையால் நியூயார்க் மாப்பிள்ளையின் விவாகரத்துத் தீர்ப்பை ‘எடுத்துத் தருகிறோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், எப்படி எடுப்பீர்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். அங்கெல்லாம் நேர்வழி ஒன்றுதான். சான்றிட்ட நகலை மாப்பிள்ளையையே வாங்கித் தரச் சொல்வது. திவால் வழக்குகளோ எந்த மாநிலமானாலும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குரியவை. அவற்றைப் பேசர் என்ற தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணத்தில் பார்க்கலாம், காலாண்டில் 30 டாலருக்குள் அடங்கினால் அதையும் வசூலிப்பதில்லை.

இவ்வளவு திறந்திருப்பது நம்மவர்கள் பலருக்குப் பிடிப்பதில்லை. தங்கள் மணமுறிவு மனுவை அடுத்த தெருக்காரர் ஒரு டாலருக்கு வாங்கிப் படிக்கலாம் என்பது கூச்சமாக இருப்பதாக என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அதில் ஓரளவு உடன்பாடு உண்டு. குழந்தைகளைப் பற்றிய சச்சரவுகளை ஊர் படிக்க வேண்டியதில்லை. ஆயினும், மூடிவைத்த பதிவேட்டால் பயனடைபவர்கள் மறைக்க வேண்டியதை வைத்திருப்பவர்களே என்பதைத் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன்.

எனவே, துப்பறியும் நிறுவனத்திடம் பணம் கட்டும் பெற்றோர், தேடிய கவுண்டிகளின் பெயர், அணுகிய அலுவலகம், தேடிய பெயர் வடிவங்கள், கால அளவு ஆகியவற்றை அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும்; வழக்கு ஏதேனும் இருந்தால் வழக்கு எண்ணும் வேண்டும், ஏனெனில் அந்த எண்ணை வைத்து கிளார்க் அலுவலகத்தில் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். கிளார்க் அலுவலக ஊழியர்கள் தேடவும் நகல் தரவும் உதவுவார்களே தவிர, தீர்ப்புக்கு என்ன பொருள் என்று விளக்கம் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. நம் மக்கள் மிகுதியாக வாழும் நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களின் நடைமுறையையும், அங்குள்ள வழக்கறிஞர்களைக் கேட்டுத் தங்கள் நாளிதழ் தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சுகர்லேண்ட், டெக்சாஸ்.